ஐந்து மணி நேரக் கணக்கு

ஏற்காட்டில் பேருந்தை விட்டு இறங்கியதும் ஏரி எந்தப் பக்கம் என்று கேட்பவர்கள் குறைவு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தவர்கள் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் நின்று கேட்கும் முதல் கேள்வி வேறு. ஒரு குடும்பத்தில் நான்கு பேர் கழிப்பறை வரிசையில் நின்றால் நான்கு காரணம் சொல்வார்கள். "குளிருடா, மலை ஏறினாலே இப்படித்தான்" என்பார் தாத்தா. "கிளம்பும்போது காபி வேண்டாம்னு சொன்னேன், யார் கேட்டீங்க?" என்பார் அம்மா. "வழியெல்லாம் தண்ணி பாட்டிலைக் கவுத்துக்கிட்டே வந்தா?" என்று அக்கா தம்பியைக் குத்துவாள். தம்பி கைக்கடிகாரத்தைக் காட்டுவான்: "வீட்ட விட்டுக் கிளம்பி மூணு மணி நேரம் ஆச்சு."

நான்கு பேரும் சொல்வது சரி. சிக்கலே அதில்தான் இருக்கிறது.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஆக, ஒரு மணி நேரப் பயணத்தில் தாத்தாவின் தோல் ஏழெட்டு டிகிரி குளிர்ச்சிக்கு வந்துவிட்டது. குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அங்கே ஓடிய ரத்தம் உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்கும். இதயத்தை ஒட்டிய அழுத்த உணரிகள் 'ரத்தம் கூடிவிட்டது' என்று தவறாகக் கணக்கெழுதும். சிறுநீரகம் அதை நம்பித் தண்ணீரைத் திறந்துவிடும். அம்மா சொன்ன காபியில் காஃபீன் இருக்கிறது. அக்கா சொன்ன தண்ணீருக்கு விளக்கம் தேவையில்லை. தம்பி சொன்னதும் உண்மை: சிறுநீர் எப்போதும்போல் ஊறிக்கொண்டே இருந்தாலும் மூன்று மணி நேரத்தில் பை நிறையும்.

இவற்றுக்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு ஐந்தாவது ஆளும் உண்டு. பன்னிரண்டாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்மூடிக் கிடந்த சித்தி. குமட்டல் வந்தால் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அள்ளிக் கொட்டும். அது சிறுநீரகத்திடம் 'தண்ணீரை விடாதே' என்று சொல்லும் ஹார்மோன். வரிசையில் சித்தி நிற்காததற்குக் காரணம் அவர் காபி குடிக்காதது என்று நாம் முடிவு கட்டினால், பிழையான அறிவியலை அழகாகச் செய்தவர்கள் ஆவோம்.

ஒரு பொருள் சிறுநீரைப் பெருக்குகிறதா என்று கண்டுபிடிப்பது இந்த வரிசையில் நின்று குற்றவாளியைப் பிடிப்பது போன்ற வேலை. காபியை மட்டும் தனியே நிறுத்தி, குளிர், தண்ணீர், நேரம், குமட்டல் எல்லாவற்றையும் வெளியே அனுப்ப வேண்டும். மனிதக் குடும்பத்தில் அது நடக்காது. அதனால்தான் கூண்டும் எலியும் வந்தன.

காபியிலிருந்தே தொடங்கலாம், ஏற்காட்டில் நின்றுகொண்டு வேறு எதிலிருந்து தொடங்குவது? 1819இல் ஜெர்மன் வேதியியலர் ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ருங்கே, கவிஞர் கதே கொடுத்த காபிக் கொட்டைகளிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். அதற்கடுத்த பத்தாண்டில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிச் செடியை நட்டார். செடி இங்கே வேர்விடத் தொடங்கியபோது அதன் சாரம் அங்கே புட்டிக்குள் வந்துவிட்டது. இன்று சில்வர் ஓக் மர நிழலில், மிளகுக்கொடி சுற்றிய தண்டுகளுக்கு நடுவே விளையும் அராபிகாவுக்குக் காபி வாரியமே இந்த மலையின் பெயரில் தனி அடையாளம் வைத்திருக்கிறது. அராபிகாக் கொட்டையில் காஃபீன் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு அளவில் இருக்கும். ரொபஸ்டாவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

காபி குடித்தால் நீர் பிரியும் என்பது குடித்தவர்களுக்கெல்லாம் தெரியும். அதை முதலில் ஒழுங்காகச் சோதித்தவர்களுள் ஒருவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் வேலை செய்த ஃபான் ஷ்ரோடர். 1880களின் பிற்பகுதியில் அவர் முயல்களுக்குக் காஃபீன் கொடுத்தார். விளைவு சீராக வரவில்லை. ஒரு முயலுக்கு நீர் கூடியது, இன்னொன்றுக்குக் கூடவில்லை. காஃபீன் சிறுநீரகத்தைத் தூண்டும் அதே நேரத்தில் நரம்புகளையும் தூண்டுகிறது, நரம்புகள் சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன, ஒரு கை கொடுப்பதை மறு கை பறிக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். முயல்களுக்குக் குளோரால் ஹைட்ரேட் கொடுத்து நரம்பு மண்டலத்தை மந்தமாக்கிவிட்டு மீண்டும் காஃபீன் கொடுத்தபோது சிறுநீர் பெருகி வந்தது. மருந்து ஒன்றுதான், அதைச் சுற்றியிருந்த இரைச்சலை அடக்கியதும் அதன் குரல் கேட்டது. என் கணக்கில் இந்தத் துறையின் அழகான சோதனைகளுள் இது ஒன்று. ஷ்ரோடரின் பெயர் பாடப்புத்தகங்களில் அதிகம் வராதது வருத்தம்தான்.

இனி சிறுநீரகத்துக்குள் ஒரு நடை போய் வருவோம். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். வெளியே போவது ஒன்றரை லிட்டர். மிச்சம் அத்தனையும் நுண்குழாய்கள் வழியே திரும்ப ரத்தத்துக்கே போகிறது. வீட்டு அரிசி மூட்டை முழுவதையும் தினமும் தரையில் கொட்டி, வேண்டியதையெல்லாம் பொறுக்கி மூட்டையில் போட்டுவிட்டு, கைப்பிடி கல்லை மட்டும் வெளியே எறிகிறவரைப் போல. பைத்தியக்கார வேலை என்று தோன்றும். ஆனால் இந்த முறையில் ஒரு வசதி உண்டு: திரும்பப் பொறுக்குவதில் நூற்றுக்கு ஒரு பங்கு தவறவிட்டாலே சிறுநீர் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சிறுநீர்ப்பெருக்கி மருந்துகள் எல்லாமே இந்தப் பொறுக்கும் கையைக் கொஞ்சம் தட்டிவிடுகிறவைதான்.

அந்தக் கை முதலில் பொறுக்குவது உப்பை, அதாவது சோடியத்தை. உப்புப் போகும் வழியில் தண்ணீர் தானாகப் பின்தொடரும். இதய நோயில் கால் வீங்கியவருக்கு, 'காலில் நீர் இறங்கிவிட்டது' என்று வீட்டில் சொல்கிறோமே அவருக்கு, உடலில் தேங்கியிருப்பது உப்புத் தண்ணீர். வெறும் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் பொருளால் அவருக்கு அதிகப் பயனில்லை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாலும் சிறுநீர் கூடும். அதற்காகச் சொம்புத் தண்ணீர் கால் வீக்கத்துக்கு மருந்தாகிவிடாது. எத்தனை மில்லி வந்தது என்பதைவிட, அந்த மில்லிக்குள் எத்தனை உப்பு வந்தது என்பதே மருத்துவருக்கு வேண்டிய கணக்கு.

மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயரின் குழு 1950களில் நாய்களில் தேடியது இதைத்தான். அப்போது கையிலிருந்த மாத்திரைகள் சோடியத்தைப் பைகார்பனேட்டோடு வெளியேற்றின. உடம்பில் தேங்கியிருப்பதோ சோடியம் குளோரைடு, சாப்பாட்டு உப்பு. குளோரைடோடு வெளியேற்றும் மருந்து வேண்டும் என்று வேதியியலர்களான ஸ்ப்ரேக்கும் நொவெல்லோவும் மூலக்கூறுகளைச் செய்துகொடுக்க, பேயர் நாய்களின் சிறுநீரில் குளோரைடை அளந்துகொண்டே போனார். குளோரோதையசைடு கிடைத்தது. 1958இல் சந்தைக்கு வந்தது. அந்தக் குடும்பத்து மாத்திரைகளை ரத்தக் கொதிப்புக்காக இன்றும் நம்மூர் மருந்துக் கடைகள் தினமும் விற்கின்றன. சிறுநீரின் அளவை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் தேடலுக்கு அப்படி ஒரு குறி இருந்திருக்காது.

ஆனால் நாய் விலை உயர்ந்த விலங்கு, வளர்ப்பது கடினம். நூற்றுக்கணக்கான பொருள்களை வேகமாக வடிகட்ட எலிதான் வசதி. அதற்கு வழி வகுத்தவர் வெர்னர் லிப்ஷிட்ஸ். ஃபிராங்ஃபர்ட்டில் மருந்தியல் பேராசிரியராக இருந்த யூதர், 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு இஸ்தான்புல் பல்கலைக்கழகத்துக்குப் போனார், அங்கிருந்து அமெரிக்கா. அங்கே ஹாதிதியன், கெர்ப்சார் என்ற இரு சக ஆய்வாளர்களுடன் 1943இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்றுவரை சிறுநீர்ப்பெருக்கிச் சோதனையின் அரிச்சுவடி. சேலம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்துப் பார்மசி கல்லூரிகளில் எம்.பார்ம் மாணவர் யாரையாவது நிறுத்தி 'லிப்ஷிட்ஸ் முறை' என்று சொல்லிப் பாருங்கள், ஒப்பிப்பார்.

முறை கேட்க எளிது. எலிகளை முந்தைய இரவு பட்டினி போடுவார்கள். காலையில் கிலோவுக்கு 25 மில்லி கணக்கில் உப்புநீரைக் குழாய் ஊசி வழியாக வயிற்றுக்குள் செலுத்துவார்கள். 200 கிராம் எலிக்கு 5 மில்லிதானே என்று நினைக்க வேண்டாம். 60 கிலோ ஆள் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் குடிப்பதற்குச் சமம். எல்லா எலிகளுக்கும் இந்தத் தண்ணீர்ச் சுமை ஒரே அளவு. அக்கா சுமத்திய குற்றச்சாட்டு இத்தோடு முடிந்தது: எல்லோரும் குடித்துவிட்டார்கள், சமமாக. ஒரு குழுவுக்கு உப்புநீர் மட்டும். ஒரு குழுவுக்குத் தெரிந்த மருந்து. மிச்சக் குழுக்களுக்குச் சோதிக்கும் பொருள், இரண்டு மூன்று டோஸ்களில். குழுவுக்குப் பெரும்பாலும் ஆறு எலிகள். பிறகு மெட்டபாலிக் கூண்டு.

இந்தக் கூண்டைப் பார்த்திராதவர்களுக்கு: அடிப்பாகம் கம்பி வலை. அதற்குக் கீழே புனல். புனலின் முனையில், சிறுநீரை ஒரு பக்கமும் புழுக்கையை மறு பக்கமும் பிரித்து அனுப்பும் ஒரு சின்ன அமைப்பு. கீழே அளவுக் குழாய். அறை வெப்பநிலை சீராக இருக்க வேண்டும்; தாத்தாவின் குளிர் வெளியே போனது. எல்லா எலிகளுக்கும் ஒரே கடிகாரம், ஐந்து மணி நேரம். தம்பியின் வாதமும் போனது. பை நிறைந்தும் பெய்யாமல் இருக்கும் எலியை என்ன செய்வது? தொடக்கத்திலும் முடிவிலும் அடிவயிற்றை மெல்ல அழுத்திப் பையைக் காலிசெய்வார்கள்.

காகிதத்தில் இத்தோடு எல்லாச் சந்தேகமும் தீர்ந்த மாதிரி இருக்கும். கூண்டருகே நிற்பவருக்குத்தான் தெரியும், எலி எத்தனை விதத்தில் கணக்கைக் குலைக்கும் என்று. ஐந்து மணி நேரத்தில் ஓர் எலியிடமிருந்து வருவது சில மில்லி. கம்பியில் ஒட்டியது, புனலின் சரிவில் தங்கியது, மின்விசிறிக் காற்றில் ஆவியானது என்று அரை மில்லி காணாமல் போனால், மூன்று மில்லியில் அது ஆறில் ஒரு பங்கு. மருந்தின் விளைவே சில நேரம் அவ்வளவுதான் இருக்கும். கையில் எடுத்தாலே சில எலிகள் பயத்தில் பெய்துவிடும், அது கையோடு போயிற்று. பயமோ வலியோ நீடித்தால் நேரெதிராக வாசோபிரெசின் சுரந்து சிறுநீர் வற்றும். சித்தியின் குமட்டல் எலிக்கு இல்லை (எலிக்கு வாந்தி எடுக்கவே வராது), ஆனால் அவர் செய்த வேலையை அதன் பயம் செய்துவிடும். அதனால் சோதனை நாளுக்கு முன்பே எலிகளைக் கூண்டுக்கும் கைக்கும் பழக்க வேண்டும். அவசரமாகச் செய்த சோதனைகளின் முடிவுகளை நான் எப்போதும் சற்று ஐயத்தோடுதான் படிப்பேன்.

இனி ஒப்பீடு. 'கூடியது' என்றால் எதைவிடக் கூடியது? லிப்ஷிட்ஸ் தேர்ந்தெடுத்த அளவுகோல் யூரியா. கிலோவுக்கு ஒரு கிராம். யூரியா சிறுநீரோடு வெளியேறும்போது தன்னோடு தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். சோதிக்கும் பொருள் வெளியேற்றிய அளவை யூரியா வெளியேற்றிய அளவால் வகுத்தால் வருவது லிப்ஷிட்ஸ் மதிப்பு. 1 அல்லது அதற்கு மேல் என்றால் விளைவு உண்டு. 2ஐத் தொட்டால் வலுவான மருந்து. ஒரு விஞ்ஞானியின் பெயரைத் தாங்கிய எண்ணில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் எத்தனை பேருடைய ஆய்வேடுகள் ஊசலாடியிருக்கும்!

பிறகு உப்பு. அளவுக் குழாயிலிருந்து எடுத்த சிறுநீரை நீர்க்கச் செய்து, ஃபிளேம் போட்டோமீட்டரின் சுடரில் தெளிப்பார்கள். சோடியம் இருந்தால் சுடர் மஞ்சளாகும், நெடுஞ்சாலையின் பழைய சோடிய விளக்கு நிறம். பொட்டாசியம் இருந்தால் வெளிறிய ஊதா. கருவி ஒவ்வொரு நிறத்தின் ஒளிர்வையும் எண்ணாக்கிக் கொடுக்கும். சோடியம் நிறையப் போய், பொட்டாசியம் குறைவாகப் போனால் நல்ல மருந்து. பொட்டாசியம் அளவுக்கு மீறி இழந்தால் தசை தளரும், இதயத்துடிப்பு தடுமாறும். வெகுகாலமாக நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் மருத்துவர் அவ்வப்போது ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சேர்வராயன் மலைச்சரிவிலும் அடிவாரத்திலும் நீர் பிரிக்கும் மூலிகைகளுக்குப் பஞ்சமில்லை. நெருஞ்சில், நீர்முள்ளி, மூக்கிரட்டை, சிறுபீளை. சிறுபீளையை இந்தப் பக்கத்துக்காரர்கள் பூளைப்பூ என்பார்கள். போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வாசலில் காப்புக் கட்டுவார்கள். கல்லடைப்புக்கு அதைக் கஷாயம் வைத்துக் கொடுப்பதும் உண்டு. மாணவர்களின் ஆய்வுக்கு இவையெல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கும். ஆனால் செடியைப் பிடுங்கி வந்து கொதிக்க வைத்தால் மட்டும் போதாது. அது எந்தச் செடி என்று தாவரவியலர் பார்த்துச் சான்று தர வேண்டும். ஒரு காய்ந்த மாதிரியைச் சேமித்து வைக்க வேண்டும். ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு செடியைக் காட்டும் நாடு இது. ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. செடியைச் சரியாகப் பெயர் சொல்லி அழைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது அங்கே ஒரு மணி நேரம் நடந்தால் புரியும்.

மூக்கிரட்டைக்கு நீண்ட வரலாறு. வடக்கே அதற்குப் புனர்னவா என்று பெயர். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவும் அவர் குழுவினரும் 1923இல் அதன் மருந்தியல் பற்றி எழுதினார்கள். நாட்டு மருந்துகளை ஆய்வகத்தில் நிறுத்திக் கேள்வி கேட்ட முதல் தலைமுறை அது. இந்தச் செடியில் ஆல்கலாய்டும் உண்டு. கூடவே பொட்டாசிய உப்பும் ஏராளம். இங்கே மறுபடி ஒண்டிக்கடை வரிசை. பொட்டாசிய உப்பே சிறுநீரைப் பெருக்கும். வாழைத்தண்டிலும் பொட்டாசியம் நிறைய. அப்படியானால் எலிக்குக் கொடுத்த கஷாயத்தில் வேலை செய்தது செடியின் அரிய மூலக்கூறா, மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய உப்பா? கஷாயத்திலிருந்த பொட்டாசியத்தை அளந்து, அதே அளவு உப்பை மட்டும் இன்னொரு குழு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தக் கூடுதல் குழுவைச் சேர்க்கும் ஆய்வுகள் குறைவு. மூலிகைச் சோதனைக் கட்டுரை எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இலங்கையில் சிறுபீளையைச் சோதித்தவர்கள் மனிதர்களையே எடுத்துக்கொண்டார்கள். 1986இல் வெளியான அந்த ஆய்வில் ஒப்பீட்டுக்கு வைத்தவை தண்ணீர், உப்புநீர், கொத்தமல்லி. கொத்தமல்லிக் கஷாயத்தை ஒப்பீட்டில் நிறுத்தியதில் நம் வீட்டு அடுக்களை தெரிகிறது. 'கஷாயம் குடித்தேன், நீர் பிரிந்தது' என்கிறவரிடம் 'எந்தக் கஷாயமாக இருந்தாலும் பிரிந்திருக்குமே' என்று கேட்பதற்கான ஏற்பாடு அது. 2004இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ரத்னசூரிய குழு, பல்வலிக்கு மெல்லும் ஸ்பைலாந்தஸ் அக்மெல்லா பூவை எலிகளில் சோதித்தது. குளிர்ந்த நீரில் ஊறவைத்த சாறு ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஐந்து மணி நேரம்வரை நீடித்தது. சிறுநீரில் சோடியமும் பொட்டாசியமும் கூடின. ஃபுரோசமைடு வகை மருந்தைப் போல நடந்துகொள்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். இது வெறும் மில்லிக் கணக்கைவிட ஒரு படி மேல். எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, என்னென்ன உப்போடு வந்தது என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் குழாயின் எந்தத் திருப்பத்தில் கை தட்டிவிடப்பட்டது என்று ஊகிக்கலாம்.

ஃபுரோசமைடு என்றால் பலருக்குத் தெரியாது. லேசிக்ஸ் என்றால் தெரியும். ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனம் உண்டாக்கியது. மனிதருக்கு வழக்கமான மாத்திரை 40 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு முக்கால் மில்லிகிராம்கூட இல்லை. எலிச் சோதனைகளில் கிலோவுக்கு 10, 20 என்று கொடுக்கிறார்கள். எலி நம்மைப் போன்ற குட்டி மனிதர் இல்லை. இதைவிடக் கடுமையான எச்சரிக்கை எத்தாக்ரினிக் அமிலத்தின் கதை. நாய்க்கு வேலை செய்யும், மனிதருக்கு வலுவாக வேலை செய்யும். எலிக்குக் கொடுத்தால் எதுவும் நடக்காது. எலியை மட்டும் கேட்டு முடிவெடுத்திருந்தால் குப்பைக்குப் போயிருக்க வேண்டிய மருந்து. இன்னும் எத்தனை மருந்துகள் அப்படிப் போயின என்பதற்கு எந்தக் கூண்டிலும் கணக்கு இருக்காது.

ஹோக்ஸ்ட் பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை. அதே நிறுவனத்தின் மும்பை ஆய்வுக்கூடத்தினர் 1970களில் இந்தியச் செடிகளை ரத்த அழுத்தம் குறைக்குமா என்று வரிசையாகச் சோதித்தபோது, கோலியஸ் கிழங்கிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைப் பிரித்தார்கள். சேலம், ஆத்தூர் பக்கத்து விவசாயிகள் 'மருந்துக் கூர்க்கன்' என்று ஒப்பந்தத்துக்குப் பயிரிடும் அதே கிழங்கு. மருந்தாக அது பெரிதாகப் போகவில்லை. ஆனால் உயிரணுவுக்குள் ஒரு குறிப்பிட்ட சமிக்ஞையைக் கூட்டும் கருவியாக உலகெங்கும் ஆய்வகங்களில் இடம்பிடித்தது. சிறுநீரக ஆய்வாளர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? வாசோபிரெசின் வந்ததுபோல் உயிரணுவை ஏமாற்ற. ஃபோர்ஸ்கோலின் ஊற்றினால் சேகரக் குழாய் உயிரணுக்கள் தண்ணீர்க் கதவுகளை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். சேர்வராயன் மலை அடிவாரத்துக் கிழங்கு, நீரைத் தேக்கும் பக்கம் நிற்கிறது; மலைமேல் விளையும் காபி, நீரைப் பிரிக்கும் பக்கம்.

இத்தனை எலிகளை யார் எண்ணுகிறார்கள்? ருக்மிணி தேவி அருண்டேலை நாம் கலாக்ஷேத்ராவோடும் பரதத்தோடும் மட்டுமே நினைக்கிறோம். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கொடுத்ததால் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. விலங்கு நல வாரியம் 1962இல் சென்னையில் அவர் தலைமையில் தொடங்கியது. அந்தச் சட்டம் ஆய்வுக்கு விலங்கைப் பயன்படுத்துவதைத் தடை செய்யவில்லை. கண்காணிக்க ஒரு குழுவுக்கு வழி வைத்தது. 1998 விதிகளுக்குப் பிறகு ஒவ்வொரு கல்லூரியிலும் நெறிமுறைக் குழு அனுமதித்தால்தான் கூண்டைத் திறக்க முடியும். ஏன் ஆறு எலி, ஏன் நான்கு போதாது, வேறு வழியே இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பலமுறை சோதித்த மூக்கிரட்டையை இன்னொரு பட்டத்துக்காக இன்னொரு முப்பது எலிகளில் சோதிப்பதற்கு இந்தக் கேள்விகளை நேர்மையாகக் கேட்டால் பதில் இருக்காது என்பது என் கருத்து. ஒத்துக்கொள்ளாத பேராசிரியர்களும் இருக்கிறார்கள்.

சில எலிகளுக்கு, சரியாகச் சொன்னால் சுண்டெலிகளுக்கு, வேறு வேலை இருந்தது. காஃபீன் எந்தக் கையைத் தட்டிவிடுகிறது என்ற கேள்வி ஷ்ரோடருக்குப் பிறகு நூறாண்டுக்கும் மேல் கிடந்தது. உடலில் அடினோசின் என்ற பொருள் சிறுநீரகக் குழாயின் தொடக்கப் பகுதியில் ஏ1 என்ற ஏற்பியில் உட்கார்ந்து 'சோடியத்தைப் பொறுக்கு' என்று சொல்கிறது. காஃபீன் அந்த இருக்கையை அடைத்துக்கொள்கிறது என்ற சந்தேகம் இருந்தது. 2005இல் ஜெர்மன், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, அந்த ஏற்பியே இல்லாமல் பிறந்த சுண்டெலிகளுக்குக் காஃபீன் கொடுத்தார்கள். சாதாரணச் சுண்டெலிகளுக்குச் சிறுநீரும் சோடியமும் கூடின. ஏற்பி இல்லாதவற்றுக்கு எதுவும் கூடவில்லை. பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, சாவி திருகுகிறதா என்று பார்ப்பது போன்ற சோதனை.

அப்படியானால் அம்மா சொன்னது சரியா? பாதிதான். 1928லேயே எட்டி, டவுன்ஸ் என்ற இருவர், காஃபீனைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அதன் சிறுநீர்ப்பெருக்கி விளைவு மழுங்கிப்போகிறது என்று காட்டினார்கள். சில நாள் நிறுத்தினால் திரும்பும். 2014இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், வழக்கமாகக் காபி குடிக்கும் 50 ஆண்களுக்கு மூன்று நாள் தினமும் நான்கு கோப்பை காபி கொடுத்தும், இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீர் கொடுத்தும் பார்த்தார்கள். உடலின் நீர் அளவிலும் நாள் முழுவதற்குமான சிறுநீரிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காலை மாலை டபரா பிடிக்கும் அம்மாவின் சிறுநீரகம் காஃபீனுக்கு எப்போதோ பழகிவிட்டது. காபியே குடிக்காமல் இருந்துவிட்டு மலையேறும் குஷியில் இரண்டு மூன்று டம்ளர் உள்ளே தள்ளியவர் யாராவது வரிசையில் இருந்தால் அவர்மேல் பழி போடலாம்.

அந்த வரிசையில் தாத்தா மட்டும் ஒன்றைச் சொல்லவில்லை. அவருக்கு இதயம் பலவீனம், கால் வீங்கும், தினமும் காலையில் நீர் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினால் இருபது வளைவுக்கும் இருபது தடவை வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும் என்று, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அன்றைக்கு மட்டும் தள்ளிவைத்திருந்தார். மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. இரவு வீடு திரும்பிப் போட்டுக்கொண்டு, ஒன்றுக்கு எழுந்து எழுந்து போய் விடியவிடியத் தூங்காமல் கிடந்தார். அதிகாலையில், காபி கலக்கும் சத்தம் கேட்பதற்கு முன்பே, எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றார். தினமும் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்த எண்கள்: ஏற்காட்டுக்கு முந்தைய நாள் 61.4. ஏற்காடு போய்வந்த இரவு, மாத்திரைக்கு முன், 62.2. இப்போது 61.3.